பால்கணக்குக்குப் போதுமான படிப்பு

மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி ஆங்கிலத்தில் எழுதிய தன்வரலாறு 1964-ஆம் ஆண்டில் சென்னையில் வெளிவந்தது. நம் மாவட்டத்துத் தாய்மார்களுக்கு இன்று அவர் பெயர் மகப்பேற்று உதவித்தொகையின் பெயராகவே அறிமுகம். ஆரம்பச் சுகாதார நிலையத்து வாசலில் 'முத்துலட்சுமி பணம் வந்துவிட்டதா?' என்று ஒருத்தி மற்றொருத்தியைக் கேட்பாள். அந்தப் பெயருக்குரியவர் 1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் இதே புதுக்கோட்டையில் பிறந்தவர் என்பது கேட்கிறவளுக்கும் தெரியாது, பதில் சொல்கிறவளுக்கும் தெரியாது. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஊரின் பெருமையை ஊருக்குச் சொல்ல வேண்டியவர்கள் நாம்.

இந்த நூலை எல்லோரும் சமூக சீர்திருத்த வரலாறாகவே படிக்கிறார்கள். சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினர், அம்மன்றத்தின் துணைத் தலைவர், பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்தவர், ஔவை இல்லத்தையும் அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனையையும் நிறுவியவர் என்று படிக்கிறார்கள். அப்படிப் படிப்பதில் தவறில்லை. ஆயினும் இந்நூலின் முற்பகுதி வேறொரு கேள்வியோடு படிக்கத் தக்கது. பிள்ளைகளின் சொந்த விருப்பங்களில் பெற்றோர் எவ்வளவு தூரம் விட்டுக்கொடுக்கலாம், எங்கே நிறுத்தலாம் என்பதே அந்தக் கேள்வி. பங்கில் வீடு சந்திக்கச் செல்லும்போதெல்லாம் நாம் கேட்கும் கேள்வியும் இதுவே. பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பாடப்பிரிவு, கையில் கைப்பேசி எந்த வயதில், வெளியூர் விடுதிக்கு அனுப்பலாமா, பெண் தானே ஒருவனைப் பார்த்துவிட்டாள், என்ன செய்வது? கேள்வியின் வடிவம் மாறுகிறது. அதன் உள்ளே கிடக்கும் அச்சம் ஒன்றுதான்.

நூலில் வரும் ஒரு சிறு செய்தியிலிருந்து தொடங்குவது நல்லது. சிறுமி முத்துலட்சுமியைப் பள்ளியில் சேர்த்தபோது தந்தையார் நாராயணசாமி ஐயருக்குப் பெரிய கனவு ஏதும் இல்லை. பால்காரன் கணக்கும் வண்ணான் கணக்கும் எழுதுமளவு தமிழ் தெரிந்தால் போதும் என்பதே அவர் எண்ணம். ஆசிரியரோ தந்தையின் அனுமதியைக் கேளாமலேயே ஆங்கிலமும் சொல்லிக் கொடுத்துவிட்டார்.

நாராயணசாமி ஐயர் சாதாரண மனிதர் அல்லர். மகாராஜா கல்லூரியின் முதல்வர் பொறுப்பில் இருந்தவர், ஊரறிந்த கல்வியாளர். அப்படிப்பட்டவரே தம் மகளுக்கு அளந்து வைத்த படிப்பு பால்கணக்கு அளவுதான். பெண்விடுதலைக்கு வழிகாட்டிய தந்தை என்று இன்று மேடைகளில் அவரைப் புகழ்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. புகழ்ச்சிக்கு இடையூறு என்று நினைக்கிறார்கள் போலும். எனக்கோ இந்தச் செய்தி அவர்மேல் மதிப்பைக் கூட்டுகிறது. கொள்கையோடு தொடங்கிய தந்தை அவர் அல்லர். மகளிடம் இருந்த திறனைக் கண்டபின் தம் அளவுகோலைக் கீழே வைத்த தந்தை. ஆசிரியர் செய்ததை அறிந்தபோது அவர் சினந்து பள்ளியை நிறுத்தியிருக்கலாம். அந்தக் காலத்தில் ஒருவரும் அதைக் குறையாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் நிறுத்தவில்லை.

பெண் பருவமடைந்ததும் பள்ளிக்கு அனுப்பும் வழக்கம் அன்று இல்லை. பள்ளி நின்றது, படிப்பு நிற்கவில்லை. வீட்டிலேயே பாடம் நடந்தது. 1902-ஆம் ஆண்டில் தனித்தேர்வராக எழுதி மெட்ரிக்குலேஷன் தேர்வில் முத்துலட்சுமி தேறினார். இந்தப் பகுதியில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. 'உன் விருப்பம், நீயே பார்த்துக்கொள்' என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வது ஒருவகைச் சுதந்திரம். அதில் தந்தைக்கு உழைப்பில்லை, பழியும் இல்லை. நாராயணசாமி ஐயர் கொடுத்தது அந்த வகை அன்று. மகள் தெரிந்துகொண்ட வழியில் தாமும் உடன் நடந்து, நேரம் செலவிட்டு, ஊரார் கேள்விகளுக்குத் தாமே விடை சொல்ல நின்ற வகை. இன்று பிள்ளைக்கு விலையுயர்ந்த கைப்பேசியை வாங்கிக் கொடுத்து 'நான் பிள்ளைகளை அடக்குவதில்லை, சாமி' என்று பெருமையோடு சொல்லும் தந்தையர் பலரை நாம் அறிவோம். அந்தப் பிள்ளை எந்தப் பாடத்தில் தடுமாறுகிறது, யாரோடு பழகுகிறது என்று கேட்டால் அவர்களுக்கு விடை தெரியாது. விட்டுக்கொடுப்பதையும் கைவிடுவதையும் ஒரே சொல்லால் குறிப்பிடும் பழக்கம் நம்மிடையே வளர்ந்துவருகிறது.

1904-இல் கல்லூரிச் சேர்க்கை வந்தது. ஆண்கள் மட்டுமே பயின்ற மகாராஜா கல்லூரியில் (இன்று அது மன்னர் கல்லூரி) ஒரு பெண் இடம் கேட்டது பெரும் சலசலப்பை உண்டாக்கியது. மற்ற மாணவர்களின் பெற்றோர் எதிர்த்தார்கள். தங்கள் பையன்களின் ஒழுக்கம் கெட்டுவிடும் என்பது அவர்கள் வாதம். ஒரு பெண் வகுப்பறையில் அமர்ந்தால் பையன்களின் ஒழுக்கம் கெட்டுவிடும் என்றால், அந்த ஒழுக்கத்தை வளர்த்தவர்கள் யார் என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் சேர்க்கைக்கு ஆணையிட்டார். மூடுவண்டியில் வருகை, வகுப்பில் மாணவர்களிடமிருந்து மறைக்கும் திரை ஆகிய ஏற்பாடுகளோடு அந்தப் பெண் பயின்றார்.

மன்னரைப் பற்றி இவ்விடத்தில் ஒரு சொல். எளியவள் ஒருத்தியின் விருப்பத்துக்கு வழிவிட்ட அவர், 1915-இல் ஆஸ்திரேலிய நாட்டுப் பெண்ணான மாலி ஃபிங்க் என்பவரைத் தம் விருப்பப்படி மணந்தபோது ஆங்கில அரசு அவருக்கு வழிவிடவில்லை. அவர் மனைவியை மகாராணியாகவோ 1916-இல் பிறந்த மகனை வாரிசாகவோ ஏற்க அது மறுத்துவிட்டது. மன்னர் நாட்டைவிட்டு நீங்கி 1928-இல் பாரிஸ் நகரில் இறந்தார். அரியணை இருந்தும் தம் இல்லறத்தைத் தாமே தீர்மானிக்க இயலாத மனிதர் என்று அவரை நினைக்கும்போது, 1904-இன் அந்த ஆணைக்குத் தனிப்பொருள் கிடைக்கிறது. முத்துலட்சுமி தம் நூலில் மன்னரை நன்றியோடு நினைக்கிறார். நம் ஊர் வரலாறுகளிலோ அவருடைய திருமணம்தான் பெரிதாகப் பேசப்படுகிறது.

இனி நூலின் குறைக்கு வருவோம். பெருங்குறை என்றே சொல்வேன். தாயார் சந்திரம்மாளுக்கு இந்நூலில் உரிய இடமில்லை. மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க விரும்பிய தாயாகவும், மகளின் விருப்பத்துக்குத் தடையாகவும் அவர் வந்துபோகிறார். தந்தை துணைநின்றார், தாய் தடுத்தார் என்று கதை எளிதாக முடிந்துவிடுகிறது. அவ்வளவு எளிதா அது? சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தில் பிறந்தவர். அவரை மணந்ததற்காக நாராயணசாமி ஐயரை அவருடைய உறவினர் விலக்கி வைத்தார்கள். ஆணுக்கு அது விலக்கம் மட்டுமே. அந்தக் குலத்துப் பெண்ணுக்கு ஊர் வைத்திருந்த பெயர்களும் பார்வைகளும் வேறு. வயது வந்த மகள் மணமாகாமல் வீட்டில் இருந்தால் ஊர் என்ன பேசும் என்பதைக் கல்லூரி முதல்வரைவிட அவர் மனைவியே நன்கு அறிந்திருப்பார். ஆகவே விரைவாக ஒரு நல்ல மணவாழ்வில் மகளைப் பாதுகாப்பாக அமர்த்திவிட வேண்டும் என்று அந்தத் தாய் துடித்ததில் அன்பும் அனுபவ அறிவும் கலந்திருந்தன. மகள் எழுதிய நூல் இதை ஆராயாமல் கடந்துவிடுகிறது. ஒருவேளை எழுபது வயதைக் கடந்து எழுதியபோதும் அது அவருக்கு நோவு தரும் இடமாகவே இருந்திருக்கலாம். காரணம் எதுவாயினும் வாசகருக்கு இழப்புத்தான்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பிள்ளைகளுக்குச் சுதந்திரம் வேண்டும் என்று எழுதுகிற நம் எழுத்தாளர்கள் பெரும்பாலும் தடுக்கிற பெற்றோரை மூடர்களாகவே வரைந்துவிடுகிறார்கள். தடுப்பவர்களில் பலர் மூடர்கள் அல்லர். தாங்கள் பட்டதைப் பிள்ளை படக்கூடாது என்று அஞ்சுகிறவர்கள். அவர்களுடைய அச்சம் அவர்களுக்கு இல்லாத அதிகாரத்தைக் கொடுத்துவிடாது. அதை மறுக்கிறவரும் முதலில் கேட்டுவிட்டு மறுக்க வேண்டும்.

நூலின் நடையைப் பற்றியும் சிறிது. பெரும்பகுதி அறிக்கை போல ஓடுகிறது. தீர்மானங்கள், கூட்டங்கள், பதவிகள், பயணங்கள் எனக் குறிப்பேட்டைப் பிரித்து வைத்ததுபோல் இருக்கிறது. சட்டமன்ற நடவடிக்கைகளுக்குக் கிடைத்த பக்கங்களில் நான்கில் ஒன்று புதுக்கோட்டை வீட்டின் திண்ணைக்குக் கிடைத்திருந்தால் தமிழகத்தின் சிறந்த தன்வரலாறுகளில் இதுவும் ஒன்றாகியிருக்கும். பொதுவாழ்வில் ஈடுபட்ட பெண்கள் தம் அகவாழ்வை எழுதினால் அதையே எடுத்துத் தூற்றும் சமூகத்தில் அவர் எழுதினார் என்பதையும் மறக்கலாகாது.

நம் பக்கத்து எழுத்தாளர் ஒருவரோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இந்தக் குறை இன்னும் தெளிவாகும். மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர், முன்சீப் பதவியில் இருந்தவர். 1869-இல் பெண்கல்விக்காகவே 'பெண்மதி மாலை' எழுதியவர். தமிழின் முதல் நாவல் எனப்படும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-இல் அவர் வெளியிட்டது. அந்த நாவலில் தாயார் சுந்தரத்தண்ணி அறிவின் இருப்பிடமாக விளங்குகிறார். அறிவுள்ள தாயைக் கதையின் நடுவில் நிறுத்த அவருக்குத் தயக்கம் இல்லை. ஆனால் பிரதாபன் ஞானாம்பாள் திருமணமோ, மணமக்கள் எந்த வீட்டில் குடியிருப்பது என்று இரு தந்தையரும் போடும் பிடிவாதச் சண்டையில் சிக்கிக்கொள்கிறது. வேதநாயகம் பிள்ளை அதை நகைச்சுவையாக்கிப் பெரியவர்களின் வீம்பைக் கிண்டல் செய்கிறார். பிள்ளைகளின் மனம் ஒன்றுபட்டிருக்கிறது என்பது வாசகருக்குத் தெரியும், அந்தப் பெரியவர்களுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. பெண் படிக்கலாம் என்பதை ஒப்புக்கொண்ட தலைமுறைக்கு, படித்த பெண்ணின் சம்மதத்தையும் கேட்க வேண்டும் என்பது எவ்வளவு தாமதமாகத் தோன்றுகிறது என்பதை அந்த நாவல் காட்டுகிறது. நூற்றைம்பது ஆண்டுகள் ஆகப் போகின்றன. பொறியியல் படித்த பெண்ணைப் பெண்பார்க்க அழைத்து வருகிற வீடுகளில் நிலைமை பெரிதும் மாறிவிட்டதாக நான் சொல்லமாட்டேன்.

இவ்விடத்தில் திருச்சபையின் சிந்தனையை நினைவூட்டுவது பொருந்தும். பெற்றோருக்குக் கீழ்ப்படிதல் பற்றி நாம் மறையுரைகளில் அடிக்கடி பேசுகிறோம். அந்தக் கீழ்ப்படிதலுக்கு எல்லை உண்டு என்பதைக் குறைவாகவே பேசுகிறோம். புனித தோமா அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில், திருமணம் செய்துகொள்வதா, கன்னிமை காப்பதா என்பது போன்றவற்றில் பிள்ளைகள் பெற்றோருக்குக் கீழ்ப்படியக் கடமைப்பட்டவர்கள் அல்லர் என்று தெளிவாக எழுதுகிறார். சாமிநாதர் சபையில் சேர்ந்ததற்காகச் சொந்த வீட்டாராலேயே ஏறக்குறைய ஓராண்டு சிறைவைக்கப்பட்டவர் அவர். 1563-இல் திரிதெந்து பொதுச்சங்கத்தில், பெற்றோர் சம்மதமின்றிச் செய்யும் திருமணங்களைச் செல்லாதவை என அறிவிக்கும்படி பிரெஞ்சு அரசர் தரப்பு வற்புறுத்தியது. அத்தகைய திருமணங்களைத் தாம் விரும்பவில்லை என்று சொன்ன சங்கத் தந்தையர், அவை செல்லாதவை என்று சொல்ல உறுதியாக மறுத்துவிட்டனர். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி, மணமக்களின் சம்மதமே திருமணத்தை உண்டாக்குகிறது. அதை எந்த மனித அதிகாரமும் அவர்களுக்குப் பதிலாக அளிக்க முடியாது. வன்முறையாலோ பேரச்சத்தாலோ பெறப்பட்ட சம்மதம் செல்லாது. இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1992-ஆம் ஆண்டு மறைக்கல்வி ஏடும் பெற்றோர் அறிவுரை கூறலாம், நெருக்கக்கூடாது என்ற ஒரே நிலையில் நிற்கின்றன.

சட்டம் இவ்வாறிருக்க, நடைமுறை வேறாக இருக்கிறது. ஓலை வாசிப்பதற்கு முன் மணமக்களைத் தனித்தனியே அழைத்து விசாரிப்பது பங்குப்பணியாளரின் கடமை. 'இந்தத் திருமணத்துக்கு உன் மனம் சம்மதிக்கிறதா, அம்மா?' என்று கேட்டால், 'அப்பா பார்த்தது, சாமி. அவங்களுக்குத் தெரியாததா?' என்ற விடை வருவதுண்டு. அதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வதா? பெரும்பாலும் அது உண்மையான நம்பிக்கையிலிருந்து வரும் சம்மதமே. சில வேளைகளில் அவ்வாறன்று. வாசலில் நிற்கும் சித்தப்பாவின் நிழலைப் பார்த்துக்கொண்டே அந்தப் பெண் பேசுவாள். குரலைக் கேட்டு வேறுபாடு அறியும் திறமை எந்த குருமடத்திலும் கற்பிக்கப்படுவதில்லை. அந்தச் சித்தப்பாவைத் தெருமுனைக் கடைவரை அனுப்பிவிட்டு மறுபடியும் கேட்பதே நடைமுறையில் நம்மால் இயல்வது. சாதி என்ற சொல் அந்த அறையில் உச்சரிக்கப்படாது. ஆனால் அதுதான் அங்கே முதல் இருக்கையில் அமர்ந்திருக்கும் என்பதை நம் கிறிஸ்தவ வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். எல்லா வயதிலும் எல்லாவற்றையும் பிள்ளைகளின் விருப்பத்துக்கே விட்டுவிட வேண்டும் என்பாரோடும் எனக்கு உடன்பாடில்லை. அதே சட்டத் தொகுப்பு, வயது நிறையாதவர்கள் பெற்றோர் அறியாமல் மணம் செய்ய வந்தால் ஆயரின் அனுமதியின்றி நடத்திவைக்கக் கூடாது என்கிறது. பத்து வயதுச் சிறுவனின் உறக்க நேரத்தையும் பதினேழு வயதுப் பெண்ணின் பாடப்பிரிவையும் இருபத்தைந்து வயதானவனின் மணவாழ்வையும் ஒரே தராசில் நிறுப்பது அறிவுடைமை ஆகாது. முத்துலட்சுமியின் நூலில் இந்தப் படிநிலை இயல்பாகவே அமைந்திருக்கிறது. பள்ளியில் சேர்ப்பது தந்தையின் முடிவு. வீட்டில் பயின்ற காலத்தில் இருவரும் சேர்ந்தே நடக்கிறார்கள். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேரும்போது முடிவு முழுவதும் மகளுடையது, தந்தை உடனிருக்கிறார். 1912-இல் பட்டம் பெற்று வெளிவந்தவரைப் பற்றி அதன்பின் தந்தை தீர்மானிக்க எதுவும் மிச்சமில்லை.

தாம் பெற்ற சுதந்திரத்தை மற்றச் சிறுமியருக்கும் பெற்றுத்தர அவர் பொதுவாழ்வில் முயன்ற பகுதி, நாம் எடுத்துக்கொண்ட கேள்விக்கு மிக நெருங்கியது. பொட்டுக்கட்டுதல் என்பது என்ன? தன் வாழ்வைப் பற்றி எதுவும் அறியாத வயதில் ஒரு சிறுமியின் முழு வாழ்வையும் அவள் வீட்டார் தீர்மானித்துவிடுவது. குழந்தை மணமும் அதுவே. 1929-இன் குழந்தை மணத் தடைச்சட்டத்தை அவர் ஆதரித்தார். அதே ஆண்டில் கோயில் மானிய நிலங்களைப் பொட்டுக்கட்டும் கடமையிலிருந்து விடுவிக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் அவருடைய முயற்சியால் வந்தது. முழுத் தடை 1947-இல்தான் வந்தது. வீட்டுக்குள் அரசு நுழையலாமா என்று அன்று எதிர்த்தவர்களில் சத்தியமூர்த்தி போன்ற தேசியத் தலைவர்களும் இருந்தனர். பெற்றோரின் உரிமை பிள்ளையின் உடலையும் எதிர்காலத்தையும் விற்கும் அளவுக்கு நீளாது என்ற முத்துலட்சுமியின் நிலையை இன்று மறுப்பவர் இல்லை.

ஆயினும் திறனாய்வாளன் ஒன்றைக் குறிப்பிட்டாக வேண்டும். அந்தச் சட்டங்களை எதிர்த்துத் தேவதாசிப் பெண்கள் சிலரே அமைப்பாகத் திரண்டு விண்ணப்பம் கொடுத்தார்கள். எங்களிடம் கேட்காமல் எங்களைப் பற்றித் தீர்மானிக்கிறீர்கள் என்பது அவர்கள் முறையீட்டின் சாரம். சிறுமியைக் காப்பதில் முத்துலட்சுமி சரியான பக்கத்தில் நின்றார். வயது வந்த அந்தப் பெண்களின் குரலைக் கேட்பதில் அவருக்குப் பொறுமை இல்லை. தன் தாயின் அச்சத்தைக் கடந்து சென்றதுபோலவே இவர்களுடைய முறையீட்டையும் நூல் கடந்து செல்கிறது. தம் விருப்பத்துக்காக அவ்வளவு போராடிய ஒருவர், பிறருக்கு நன்மை செய்யும்போது அவர்கள் விருப்பத்தைக் கேட்க மறந்தது வியப்புக்குரியதா? நல்ல பெற்றோர்களிடமும் நல்ல குருக்களிடமும் இதே மறதியைக் கண்டவர்களுக்கு வியப்பாக இராது. 1930-இல் பொட்டுக்கட்டும் வழக்கத்திலிருந்து தப்பிவந்த சிறுமியருக்கு வேறெங்கும் இடம் கிடைக்காதபோது தம் வீட்டிலேயே இடம் கொடுத்தவரும் இவரே என்பதை அதன் பக்கத்திலேயே வைத்துப் படிக்க வேண்டும்.

நூலின் முற்பகுதியில் நான் மிகவும் விரும்பிய இடம் அவருடைய திருமணச் செய்தி. 1914-இல், 1872-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தின்படி மருத்துவர் சுந்தர ரெட்டியை அவர் மணந்தார். அதற்குமுன் மணவாழ்வில் அவருக்கு நாட்டமில்லை. தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்ற உறுதியைப் பெற்ற பின்னரே இசைந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. அன்றைய கணக்கில் அவ்வயதுப் பெண்ணுக்குப் பள்ளி செல்லும் பிள்ளைகள் இருந்திருப்பார்கள். பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தாய் காத்திருந்த திருமணம் அது. சந்திரம்மாள் அன்று என்ன சொன்னார் என்று மகள் எழுதியிருக்கலாம்.